வேலைக்கும் உறுதி வேண்டும்

காணியை நம்பி வாழ்ந்த குடும்பம் இடம்பெயரும்போது மண்ணோடு இன்னொன்றையும் இழக்கிறது. தன் உழைப்புக்குத் தானே சொந்தக்காரன் என்ற நிலையும் அதனிடமிருந்து போய்விடுகிறது. வெங்காயமும் புகையிலையும் நட்டவர் பிறருடைய கட்டட வேலைக்குக் கையாளாகப் போகிறார். வயலில் நாற்று நட்ட பெண் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக அதிகாலையில் சந்தியில் நிற்கிறாள். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்றுவரை தமது காணிக்குத் திரும்பவில்லை. 2009இன் பின்னர் வன்னியில் மீள்குடியேறியவர்களிலும், வயல் இருந்தும் உழவுக்கு முதல் இல்லாமல் பிள்ளைகளைக் கடைக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பியவர்கள் பலர்.

காணியின் பெறுமதியை அறிந்தவர்கள் நாம். ஷெல் விழும்போதும் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் எம்மவர்கள். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் நாளை தன் காணியைத் தன்னுடையது என்று காட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதே குடும்பம் எட்டு வருடம், பத்து வருடம் கூலிக்கு உழைத்த பின்னும், அந்த உழைப்புக்கு ஒரு துண்டுக் கடதாசியும் கையில் இல்லாமல் இருப்பதைப் பல வீடுகளில் காணலாம். வேலை நின்ற அன்று அந்த வருடங்கள் எல்லாம் இல்லாத வருடங்களாகிவிடுகின்றன.

கடந்த பத்து ஆண்டுகளில் எமது நாட்டின் தொழிற் சட்டங்களில் பல மாற்றங்கள் வந்துள்ளன. அவை முதலாளிமார் மீது புதிய கடமைகளைச் சுமத்துகின்றன. தொழிலாளருக்கு அவற்றை விளக்கிச் சொன்ன முதலாளிமார் சிலரே. எனவே அவற்றை எளிய முறையில் எடுத்துக் கூறுவதும், ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவற்றைச் சுட்டிக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தில் மாறியவை

முதலாவது, குறைந்தபட்ச வேதனம். முன்னர் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சம்பளச் சபைகள் சம்பளத்தை நிர்ணயித்தன. எந்தச் சபைக்குள்ளும் வராத தொழிலாளிக்கு அடிமட்டச் சம்பளம் என்று ஒன்று இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. அப்போது மாதத்துக்கு 10,000 ரூபாவும் நாளுக்கு 400 ரூபாவும் விதிக்கப்பட்டன. 2021இல் அது 12,500 ரூபாவாகவும், 2024இல் 17,500 ரூபாவாகவும் உயர்ந்தது. இதற்கு மேலாக, 2005இலும் 2016இலும் இயற்றப்பட்ட நிவாரணப் படிச் சட்டங்களின்படி மொத்தம் 3,500 ரூபா கொடுபட வேண்டியிருந்தது. 2025இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்த ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி தொடக்கம் மாதத்துக்கு 27,000 ரூபா, 2026 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் 30,000 ரூபா என்று விதித்தது. நாட்சம்பளமாயின் முறையே 1,080 ரூபாவும் 1,200 ரூபாவும் ஆகும். வீட்டு வேலையாட்களை இந்தச் சட்டம் தன் வரைவிலக்கணத்தில் சேர்க்காமல் விட்டது ஒரு பெருங்குறை. மற்றும்படி எத்தொழிலிலும் எச்சேவையிலும் வேலை செய்பவருக்கு இது பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்ப்பேச்சாக இருந்தாலும் போதும்.

மேசனும் கையாளும் இன்று வாங்கும் நாட்கூலி இந்தத் தொகையை விட அதிகம் என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் பட்டணத்துக் கடைகளில் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகள், சிறிய ஆலைகளில் பொதி கட்டும் பெண்கள், அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் தாய்மார் ஆகியோருக்கு இந்தக் கோடு மிகவும் முக்கியமானது.

இரண்டாவது, வேலைக்குச் செல்லும் வயது. 2021ஆம் ஆண்டின் திருத்தம் ஆகக்குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தியது. பிள்ளைகள் 16 வயதுவரை பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்ற விதியோடு இது பொருந்தி வருகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தவும் முடியாது. கடன் நெருக்கும்போது மூத்த மகனைத் தெரிந்தவரின் கடைக்கு அனுப்பிவிடுவோம் என்று எண்ணும் பெற்றோர் இதனை மனதில் கொள்ள வேண்டும். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளையின் பெயரை அந்த முதலாளி எந்தப் புத்தகத்திலும் எழுதப் போவதில்லை. அடிபட்டாலும் சம்பளம் தராவிட்டாலும் அந்தப் பிள்ளை அங்கே வேலை செய்தது என்பதை யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

மூன்றாவது, ஓய்வு பெறும் வயது. தனியார் துறையில் 55 வயதானதும் போகச் சொல்லும் வழக்கம் பரவலாக இருந்தது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கியது. வயதைக் காரணம் காட்டி அதற்கு முன் ஒருவரை நிறுத்த முடியாது.

நான்காவது, பிரசவ விடுமுறை. முன்னர் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு அடுத்த பிரசவத்தில் 42 நாள் விடுமுறையே கிடைத்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தங்களின் பின் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாட்கள் உண்டு. இது சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகும்.

ஐந்தாவது, விபத்துக்கான நட்டஈடு. வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருந்து வருவது. 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தில் ஆகக்கூடிய நட்டஈடு 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வரும் வழியிலும் நேரும் விபத்தும் இதனுள் சேர்க்கப்பட்டது. கிராமத்திலிருந்து தொழிற்சாலைக்கு நெடுந்தூரம் சென்றுவரும் எமது பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய மாற்றம்.

மாறாத மூன்று சட்டங்கள்

புதியவற்றை விளங்கிக்கொள்ளப் பழையவை மூன்றை அறிந்திருத்தல் அவசியம்.

ஊழியர் சேமலாப நிதியம், அதாவது நாம் ஈ.பி.எவ். என்று சொல்வது, 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8ஐக் கழித்து, முதலாளி தன் பங்காக நூற்றுக்கு 12ஐச் சேர்த்து, மொத்தம் நூற்றுக்கு 20ஐ அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் பிந்திய காலத்துக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் உண்டு. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் இப்பணத்தைப் பெறலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்ணும், நிரந்தரமாக இயலாமைக்கு உட்பட்டவரும் அதற்கு முன்பே பெறலாம்.

ஊழியர் நம்பிக்கை நிதியம், அதாவது ஈ.ரி.எவ்., 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. இதில் தொழிலாளியிடம் ஒரு சதமும் கழிக்கப்படுவதில்லை. முதலாளி மாத்திரம் நூற்றுக்கு 3ஐக் கட்டுகிறார். வேலையை விட்டவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இப்பணத்தை எடுக்கலாம். பணம் கட்டப்படும் உறுப்பினருக்கு மரணக் காப்புறுதி உண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையும் பிள்ளைகளுக்கு உதவித் திட்டமும் உண்டு.

பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டுக்குரியது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுபட வேண்டும். மாதச் சம்பளம் அல்லாதவருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். அவர் தானே விலகினாலும் கொடுபட வேண்டும். விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

மாதம் 30,000 ரூபா பெறும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவரிடம் 2,400 ரூபா கழிக்கப்படும். முதலாளி ஈ.பி.எவ்.வுக்கு 3,600 ரூபாவும் ஈ.ரி.எவ்.வுக்கு 900 ரூபாவும் கட்டுவார். அவர் கையில் வாங்குவது 27,600 ரூபா. மாதந்தோறும் அவர் பெயரில் சேர்வது 6,900 ரூபா.

சம்பளம் உயராமலே இருந்தாலும் ஐந்து வருடத்தில் ஈ.பி.எவ்.வில் 360,000 ரூபாவும், ஈ.ரி.எவ்.வில் 54,000 ரூபாவும் சேரும். வட்டி இதற்குப் புறம்பானது. பணிக்கொடை 75,000 ரூபா. ஆக மொத்தம் 489,000 ரூபா. அவர் பதியப்படாமல் இருந்திருந்தால், கழிக்கப்படாத 144,000 ரூபா சிறுகச் சிறுகக் கையில் வந்திருக்கும். மாதத்துக்கு 2,400 ஆக அது செலவாகியும் இருக்கும். மீதி 345,000 ரூபா முதலாளியின் பையில் தங்கியிருக்கும்.

ஒரு கிணறு திருத்தவும், நீர்ப்பம்பி வாங்கவும், வேலி அடைக்கவும் இப்படியான ஒரு தொகைதான் எம்மவர்க்குத் தேவைப்படுகிறது. காணி கிடைக்கும் நாளில் அதில் மீண்டும் கால் ஊன்றும் முதல் இதுவாக இருக்கலாம்.

முதலாளி சொல்லும் நியாயங்கள்

தொழிலாளர் அடிக்கடி கேட்கும் சில பதில்களையும், அவை சரியா என்பதையும் இங்கு தருகிறோம்.

“நீ நாட்கூலி. உனக்கு ஈ.பி.எவ். இல்லை.” இது தவறு. நாட்கூலி, தற்காலிகம், துண்டு வேலை, பயிலுநர் என்ற வேறுபாடு ஈ.பி.எவ். சட்டத்தில் இல்லை.

“மூன்று மாதம் வேலை பழகு, பிறகு பதிவோம்.” இதுவும் தவறு. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

“உனக்குச் சாப்பாடும் படுக்க இடமும் தருகிறேனே.” கடைகளில் தங்கி வேலை செய்யும் இளைஞர்கள் இதைக் கேட்டு வாயடைத்துப் போகிறார்கள். ஈ.பி.எவ். சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கொடுக்கப்படும் உணவின் பெறுமதி, அது சமைத்ததாயினும் சமைக்காததாயினும், சம்பளத்தோடு கூட்டப்பட வேண்டும். கூட்டிய தொகைக்கே நூற்றுக்கு 20 கணிக்கப்பட வேண்டும்.

“ஒன்றும் கழிக்காமல் முழுச் சம்பளமும் கையில் தருகிறேன். உனக்கும் நல்லது.” கடன் உள்ள குடும்பத்துக்கு இது இனிப்பான பேச்சு. ஆனால் ஈ.பி.எவ். விரும்பினால் கட்டுவது, விரும்பாவிட்டால் விடுவது என்ற ஒன்றல்ல. தொழிலாளி சம்மதித்துக் கையொப்பம் வைத்தாலும் அந்த உடன்பாடு செல்லாது. முதலாளியின் கடமை அப்படியே இருக்கும்.

“அடிப்படைச் சம்பளம் 20,000, படி 10,000. ஈ.பி.எவ். 20,000க்கு மட்டுமே.” சம்பளச் சிட்டையில் இப்படிப் பிரித்து எழுதுவது சாதாரணமாகிவிட்டது. வாழ்க்கைச் செலவுப் படியும் அதை ஒத்த படிகளும் ஈ.பி.எவ். கணக்கில் சேர வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு அதில் சேராது. ஆகவே சிட்டை கிடைத்ததும் எந்தத் தொகைக்கு 8 வீதம் கழிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள்.

“நீ எங்கள் ஆள் அல்ல, கொந்தராத்துக்காரரின் ஆள்.” ஆள் வழங்கும் நிறுவனங்கள் மூலம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பதில் கிடைக்கிறது. கொந்தராத்துக்காரர் உங்களை வைத்திருந்தால் கட்ட வேண்டிய கடமை அவருக்கு உண்டு. சட்டம் தொழில்தருநர் என்று சொல்லும்போது, ஆளை நேரே வைத்தவரோடு, யார் சார்பில் ஆள் வைக்கப்பட்டதோ அவரையும் உள்ளடக்குகிறது. எனவே முறைப்பாடு எழுதும்போது இரண்டு பெயர்களையும் எழுதுங்கள்.

“இரண்டு வருடமாகக் கட்டவில்லைத்தான். இனி உன் சம்பளத்தில் வெட்டிப் பழைய பாக்கியையும் கட்டுகிறேன்.” இது கூடாது. சம்பளம் கொடுத்த நேரத்தில் கழிக்காமல் விட்ட 8 வீதத்தைப் பின்னர் தொழிலாளியிடம் அறவிட முடியாது. அதையும் முதலாளியே சுமக்க வேண்டும். தன் பங்கான 12 வீதத்தை ஒருபோதும் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்ட முடியாது.

“ஐந்து வருடம் ஆகப் போகிறது. ஒரு விலகல் கடிதம் தந்துவிட்டு அடுத்த கிழமை புதிதாய்ச் சேர்.” பணிக்கொடையைத் தவிர்ப்பதற்குச் சொல்லப்படும் பேச்சு இது. அப்படியான கடிதத்தில் கையொப்பமிட்டவர் தன் நாலரை வருடத்தைத் தானே அழித்தவர் ஆகிறார்.

நாமும் தொழில்தருநரே

இச்சட்டங்கள் பிறருக்கு மட்டும் உரியவை என்று எண்ணக் கூடாது. மீள்குடியேறிய எம்மவர் சிலர் அரிசி ஆலை வைத்திருக்கிறார்கள். சிலர் உழவு இயந்திரம் வாங்கிச் சாரதி ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறார்கள். பலசரக்குக் கடையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை நிற்கிறது. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் ஈ.பி.எவ். கடமை தொடங்குகிறது. குடும்பத்தவர் மட்டும் கூடி நடத்தும் தொழிலுக்கு விலக்கு உண்டு. அறுவடையில் அயலவர் ஒருவருக்கொருவர் மாறி மாறிக் கைகொடுப்பது வேறு விடயம். அங்கே முதலாளியும் இல்லை, தொழிலாளியும் இல்லை.

மாதர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், சமய நிறுவனம் ஆகியனவும் இதில் அடங்கும். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் தரும நிறுவனங்களுக்கு ஈ.பி.எவ். சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆனால் முன்பள்ளி ஆசிரியைக்கும் காவலாளிக்கும் “ஊக்குவிப்புப் பணம்” என்று பெயர் வைத்துக் கொடுத்து, பத்தைத் தாண்டியும் பதியாமல் விடுவது நியாயமாகாது. ஏழைகளின் உரிமை பற்றிக் கூட்டம் வைக்கும் நிறுவனம் முதலில் தன் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும்.

சிறு முதலாளிமாரின் கஷ்டத்தையும் நாம் மறுக்கவில்லை. 30,000 ரூபாச் சம்பளத்துக்கு அவர் உண்மையில் செலவிடுவது 34,500 ரூபா. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் மூடப்பட்ட கடைகள் பல. ஆயினும் அதே நெருக்கடியில் தொழிலாளியின் சம்பளமும் கரைந்தது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 70 உயர்ந்திருந்தது. 2024க்குப் பின் வந்த சம்பள உயர்வில் ஒரு பகுதி, இப்படி இழந்ததைத் திருப்பிப் பெறுவதே. தன் கடையில் நிற்கும் பிள்ளையைப் பதிந்துவிட்டு, அதற்கேற்ப விலையையும் செலவையும் திட்டமிடும் சிறு முதலாளிக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. பல வருடப் பாக்கியும் அதன் மேல் நூற்றுக்கு 50 மேலதிகக் கட்டணமும் ஒரு நாளில் அவர் தலையில் வந்து விழாது.

பழைய வேலையின் பணம்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம் முதலிய இடங்களிலும், பட்டணத்துத் தனியார் நிறுவனங்களிலும் வேலை செய்தவர்கள் எம்மிடையே இருந்தார்கள். யுத்தம் அவ்வேலைகளை நிறுத்தியது. சிலர் ஈ.பி.எவ். பணத்தைக் கேட்கவே இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள், அவர்களுடைய மனைவி பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது.

உறுப்பினர் இலக்கம் மறந்துபோனது ஒரு தடைதான், ஆனால் கடக்க முடியாத தடை அல்ல. அடையாள அட்டை இலக்கம், நிறுவனத்தின் பெயர், வேலை செய்த அண்ணளவான வருடங்கள் ஆகியவற்றுடன் தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரிக்கலாம். பழைய பதிவுகளில் பெயர் வேறு எழுத்துகளில் எழுதப்பட்டிருப்பது அடிக்கடி நிகழ்வது. அப்போது பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், சத்தியக் கடதாசி என்பன கைகொடுக்கும். ஒவ்வொரு முதலாளியிடமும் ஒருவருக்கு வெவ்வேறு உறுப்பினர் இலக்கம் இருந்திருக்கும். அவை எல்லாம் ஒருவருடையவை என்று காட்டுவது அடையாள அட்டை இலக்கம்தான்.

“அரசாங்கமே கடனில் விழுந்தது, எங்கள் பணம் இருக்குமா?” என்று சிலர் கேட்கிறார்கள். 2023ஆம் ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் நிதியம் வைத்திருந்த அரச முறிகள் மாற்றப்பட்டன. அதனால் வருங்கால வட்டி வருமானம் பாதிக்கப்படும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் உறுப்பினர் கணக்கில் இருந்த தொகை வெட்டப்படவில்லை. கட்டாமல் விடுவதற்கு இது ஒரு காரணமாகாது.

செய்ய வேண்டியவை

1. காணி உறுதி வைக்கும் பையிலேயே வேலைக்கான பத்திரங்களையும் வையுங்கள்: நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், ஈ.பி.எவ். இலக்கம், நிறுவன அடையாள அட்டை, வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

2. கடிதமும் சிட்டையும் தராத இடமாயின், ஒரு கொப்பியில் நீங்களே எழுதுங்கள்: திகதி, செய்த வேலை, கிடைத்த சம்பளம், அதைத் தந்தவர் பெயர். உடன் வேலை செய்தவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். தொலைபேசியில் வந்த செய்திகளையும் அழிக்க வேண்டாம். நாளை விசாரணையில் இவை சாட்சியாகும்.

3. வருடத்துக்கு ஒருமுறையாவது ஈ.பி.எவ். நிலுவையைக் கேட்டறியுங்கள். சிட்டையில் கழித்ததாகக் காட்டிவிட்டு நிதியத்துக்குக் கட்டாத முதலாளிமாரும் உண்டு.

4. உங்களுக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று பின்னுரித்தாளரின் பெயரை உரிய படிவத்தில் பதியுங்கள். திருமணமானதும் அதை மாற்றி எழுத மறக்க வேண்டாம்.

5. குறை இருந்தால் முதலில் முதலாளியிடம் அமைதியாகப் பேசுங்கள். தனியாகப் போவதிலும் நாலு பேராகப் போவது நல்லது. பலன் இல்லாவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் வைத்திருங்கள். கட்டாத ஈ.பி.எவ். பணத்தை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம் போல அறவிடத் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு. தொழிலாளி சட்டத்தரணி வைக்க வேண்டியதில்லை.

6. வேலையிலிருந்து அநியாயமாக நிறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி மனம் மாறுவார் என்று காத்திருந்து இந்தக் காலத்தைத் தவறவிட்டவர்கள் பலர். அங்கே நீங்களே பேசலாம். தொழிற்சங்கப் பிரதிநிதியும் பேசலாம்.

7. வெறுந்தாளிலும், விளங்காத மொழியில் எழுதிய தாளிலும் கையொப்பமிட வேண்டாம். வாசித்துச் சொல்ல ஒருவரைக் கேளுங்கள்.

இச்சட்டங்கள் எல்லாக் குறையையும் தீர்க்கும் என்று நாம் சொல்லவில்லை. தொழில் அலுவலர் ஒவ்வொரு கடைக்கும் வந்து பார்ப்பதில்லை. முறைப்பாடு செய்தால் வேலை போய்விடும் என்ற பயம் உண்மையான பயம். ஆகவேதான் பதிவைப் பற்றி வேலை தொடங்கும் நாளிலேயே கேட்க வேண்டும். ஐந்து வருடம் கழித்துச் சண்டையாகக் கேட்பதை முதல் நாளில் ஒரு சாதாரணக் கேள்வியாகக் கேட்கலாம்: “என் ஈ.பி.எவ். இலக்கம் எப்போது கிடைக்கும்?”

கூலி வேலைக்குப் பதிந்துகொண்டால் காணியை விட்டுக்கொடுத்ததாகிவிடுமோ என்று சில முதியவர்கள் அஞ்சுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. காணிக்கான உரிமை உறுதியிலும் பேமிற்றிலும் இருக்கிறது. அதற்கான முயற்சி தொடர வேண்டும். அதுவரை செய்யும் வேலை வீணாகாமல் எழுத்தில் ஏறுவதே இங்கு கேட்கப்படுவது. இன்றிரவு உங்கள் வீட்டில் சம்பளத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் எத்தனை பேரிடம் ஈ.பி.எவ். இலக்கம் இருக்கிறது என்றும் கேளுங்கள். இல்லாதவர் எவரோ அவரிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.